சேர்வதற்கு முன் ஒரு நாள்: கல்லூரியை நேரில் பார்த்தல்

பொறியியல் கலந்தாய்வில் சாய்ஸ் ஃபில்லிங்குக்குக் கிடைப்பது 3 நாள். நானூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் ஒரு சுருக்கெழுத்து. 2017 வரை குடும்பத்தோடு அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்து, திரையில் இடங்கள் குறைந்துகொண்டே போவதைப் பார்த்தபடி தேர்ந்தெடுத்தார்கள். 2018 முதல் எல்லாம் இணையவழி. ஊர் பிரவுசிங் சென்டரில் கூட்டத்துக்கு நடுவே அறுபது, எழுபது எண்களை வரிசைப்படுத்துகிற பிள்ளை, அவற்றில் ஒரு கல்லூரியின் வாசலைக்கூட மிதித்திருக்காது. வாடகைக்கு வீடு பார்க்கப் போனால் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறோம். நான்கு வருடம் வாழப்போகிற இடத்துக்கு அந்த அக்கறைகூட இல்லாமல் போய்விடுகிறது.

நானும் அப்படி ஒரு தவறைச் செய்திருக்கிறேன். அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக இருந்தபோது, ஒரு கல்லூரியின் பளபளப்பான கையேட்டை நம்பி, நன்றாகப் படித்த ஒரு பையனிடம் "அங்கேயே மெக்கானிக்கல் எடுப்பா" என்று சொன்னேன். என் சொல்லை நம்பிச் சேர்ந்தான். பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்தவன் வீட்டுக்கு வந்து, "சார், ஒர்க்‌ஷாப்ல லேத் வரிசையா நிக்குது சார், கரண்ட் கனெக்‌ஷன்தான் இல்ல" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அதற்குப் பிறகு, நான் கால் வைக்காத கல்லூரியை எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை. முடிந்தபோதெல்லாம் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும் அழைத்துக்கொண்டே போனேன். இந்த அத்தியாயம் அந்தப் பயணங்களில் கற்றது.

எப்போது போவது

மதிப்பெண் வந்த பிறகு போகலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். முடிவு மே மாதம் வரும். அதற்குள் கல்லூரிகளில் செமஸ்டர் முடிந்துவிடும், மாணவர்கள் ஊருக்குப் போயிருப்பார்கள். மே, ஜூனில் போனால் நீங்கள் பார்ப்பது புதுச் சுண்ணாம்பையும் வரவேற்பு வளைவையும் அட்மிஷன் மேசையையும்தான். பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிகிறது. ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் போங்கள். வகுப்பு நடக்கும், லேப் நடக்கும், மெஸ்ஸில் அடுப்பு எரியும், இறுதியாண்டு மாணவர்கள் புராஜெக்ட் வேலையில் இருப்பார்கள். சனிக்கிழமை வேண்டாம், வாரத்தின் நடுவில் ஒரு நாள், காலை பத்து மணிக்கு உள்ளே இருக்கிற மாதிரி கிளம்புங்கள்.

மதிப்பெண் தெரியாமல் எந்தக் கல்லூரிக்குப் போவது என்று கேட்பார்கள். தோராயம் போதும். கணிதம் நூறுக்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி, மொத்தம் 200. பிள்ளை கணிதத்தில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 எதிர்பார்த்தால் 92, 42, 44 என்று கட் ஆஃப் 178. கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவில் எத்தனைக்கு இடம் முடிந்தது என்ற விவரம் இருக்கிறது. உங்கள் பிரிவில் 170-க்கும் 185-க்கும் இடையில் முடிந்த கல்லூரிகளை எழுதிக்கொண்டு, அதில் நான்கைந்தைப் பாருங்கள். எட்டாத கல்லூரி ஒன்றைப் பார்ப்பதும் நல்லதே. ஒழுங்காக நடக்கிற லேப் எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்ணில் பட்டுவிட்டால் மற்ற இடங்களை அளக்க ஒரு அளவுகோல் கிடைக்கும்.

ஒரு நாளுக்கு இரண்டு வளாகங்களுக்கு மேல் வேண்டாம். சென்னையில் கிண்டிப் பொறியியல் கல்லூரியும் அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியும் ஒரே வளாகம். மதியத்துக்கு மேல் மின்சார ரயிலில் குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போய்விடலாம். கோவையில் பி.எஸ்.ஜி.யும் சி.ஐ.டி.யும் அவினாசி சாலைப் பக்கம். தடாகம் சாலையிலுள்ள ஜி.சி.டி.க்குத் தனி நாள் ஒதுக்குங்கள்.

சொந்தக் காரோ நண்பர் காரோ இருந்தாலும் பேருந்தில் போங்கள். பிள்ளை தினமும் போகப்போகிற விதத்தில் போனால்தான், இறங்குகிற நிறுத்தத்திலிருந்து கல்லூரி கேட் வரை எத்தனை தூரம், அந்தச் சாலையில் மாலை ஆறரை மணிக்கு விளக்கு எரியுமா, கடை இருக்குமா என்பது தெரியும். பெண் பிள்ளையாக இருந்தால் இதை நீங்களே நடந்து பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள். காலேஜ் பஸ் என்றால் உங்கள் ஊர் நிறுத்தத்துக்கு எத்தனை மணிக்கு வரும் என்று டிரைவரிடம் கேளுங்கள். காலை ஆறேகாலுக்கு ஏறி மாலை ஏழுக்கு இறங்குகிற பிள்ளைக்கு, படிக்க என்ன மிச்சம் இருக்கும் என்பதை வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

உள்ளே நுழைந்த பிறகு

கேட்டில் செக்யூரிட்டியிடம் "அட்மிஷன் விசாரிக்க வந்தோம்" என்றால் உள்ளே விடுவார்கள். வரவேற்பறையில் ஒருவர் வந்து சுற்றிக் காட்டுவார். அவர் காட்டுவதை மரியாதையோடு பாருங்கள்; குளிரூட்டப்பட்ட அரங்கம், நுழைவாயில் சிலை, பிளேஸ்மென்ட் படங்கள் ஒட்டிய சுவர், எல்லாம் முடியட்டும். பிறகு, "பிள்ளை கொஞ்ச நேரம் தானா சுத்திப் பாக்கட்டுங்களா சார்?" என்று கேளுங்கள். தயக்கமில்லாமல் சரி என்கிற கல்லூரிகள் உண்டு. கூடவே ஆள் வந்தாக வேண்டும், மாணவர்களிடம் பேசக் கூடாது என்கிற கல்லூரிகளும் உண்டு. இரண்டையும் நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் அழைத்துப் போகிறவருக்கு, அது அப்பாவோ தாய்மாமாவோ ஆசிரியரோ, நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு: பின்னால் நடங்கள். முன்னால் போய் எல்லாக் கேள்வியையும் நீங்களே கேட்டுவிட்டால், பிள்ளை உங்கள் முதுகைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும்.

ஒருமுறை ஒரு பெண்ணையும் அவள் அப்பாவையும் அழைத்துக்கொண்டு இரண்டு கல்லூரிகளுக்குப் போனேன். அப்பா லாரி ஓட்டுகிறவர், உலகம் தெரிந்தவர், மகள் மேல் உயிர். முதல் கல்லூரியில் கட்டணம், விடுதி, பஸ் என்று இருபது கேள்வி கேட்டார். அவள் வாயே திறக்கவில்லை. மதியம் சாப்பிடும்போது அவரிடம், "அடுத்த இடத்துல பாப்பா பேசட்டும்ங்க. நாம வெளிய மரத்தடில உக்காருவோம்" என்றேன். அரை மனதோடு ஒப்புக்கொண்டார். அவள் எலக்ட்ரிக்கல் மெஷின் லேபுக்குள் தனியாகப் போனாள். அங்கிருந்த லேப் அட்டெண்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள்: "அண்ணா, இந்த மோட்டாரை நாங்க தொட்டு ஓட்டலாமா, பாக்க மட்டும்தானா?" அவர் சிரித்து, "நீ ஓட்டாம யாரும்மா ஓட்டுவா? கனெக்‌ஷன் நீதான் குடுக்கணும், நான் செக் பண்ணி சுவிட்ச் போடுவேன்" என்று சொல்லி, பிரேக் டிரம்மில் தண்ணீர் ஊற்றி லோடு டெஸ்ட் செய்கிற விதத்தைக் காட்டியிருக்கிறார். வெளியே வந்தவள் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. காலையில் பார்த்த கல்லூரிக்கு மறுவாரம் போய் அதே கேள்வியை அவளே கேட்டாள். "டெமோ காட்டுவாங்க, தொடக் கூடாது, ரிப்பேர் ஆயிடும்" என்றார்கள். அவள் வரிசைப் பட்டியலில் எது மேலே போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிள்ளையிடமும், கிளம்பும் முன், சொந்தமாக ஒரு கேள்வி தயார் செய்துகொள்ளச் சொல்கிறேன். எல்லாக் கல்லூரியிலும் அதே கேள்வி. பதில்களை ஒப்பிட முடிவது அதனால்தான்.

லேபைப் படிக்கும் முறை

ஒரு கல்லூரியில் எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் முக்கால் மணி நேரம் லேபில் செலவிடுவேன். கட்டடம் பணத்தால் வந்துவிடும். பயன்பட்ட அடையாளத்தைப் பணத்தால் கொண்டுவர முடியாது. ஒர்க்‌ஷாப்பில் லேத்துக்கு அடியில் இரும்புச் சுருள் கிடக்கிறதா, எண்ணெயும் கூலண்டும் கலந்த வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள். துடைத்து வைத்த மாதிரி பளிச்சென்று இருந்தால், கடைசியாக எப்போது ஓடியது என்று கேளுங்கள். எலக்ட்ரானிக்ஸ் லேபில் மேசை மேல் சால்டரிங் அயர்ன் சுட்ட தழும்புகள் இருக்கும். மெஷின் லேபில் தரை ஈரமாக இருக்கும். சிவில் துறைக்குப் பின்பக்கம் போய்ப் பாருங்கள்: மாணவர்கள் வார்த்து, நீரில் ஊறவைத்து, அழுத்தி உடைத்த கான்கிரீட் கட்டிகள் குவிந்து கிடந்தால் அங்கே வேலை நடக்கிறது. நில அளவைக் கருவிகளோடு வெயிலில் நிற்கிற மாணவர் குழு கண்ணில் பட்டால் இன்னும் நல்லது. கிண்டிப் பொறியியல் கல்லூரியே 1794-ல் நில அளவைப் பள்ளியாகத்தான் பிறந்தது. சிவில் படிப்பில் வெயிலுக்கு விலக்கு கிடையாது என்பதைப் பிள்ளை இப்போதே தெரிந்துகொள்ளட்டும்.

கம்ப்யூட்டர் பிரிவுதான் கடினம். வரிசையாகக் கணினிகள் எல்லா இடத்திலும் இருக்கும். லேப் நேரம் முடிந்த பிறகும் மாணவர்கள் உட்கார விடுவார்களா, இணைய இணைப்பு உண்டா, இரண்டு பேருக்கு ஒரு கணினியா, ஒருவருக்கு ஒன்றா என்று இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கேளுங்கள். முதலாண்டு மாணவருக்கு இன்னும் தெரியாது. இறுதியாண்டு மாணவர் வேலைக் கவலையில் இருப்பார். இரண்டாம், மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள்தான் உண்மை சொல்வார்கள். ரெக்கார்ட் நோட்டைக் காட்டச் சொன்னால் காட்டுவார்கள். சோதனை எதுவும் நடக்காமல் சீனியர் நோட்டைப் பார்த்து எழுதிய ரெக்கார்டுக்கும், அடித்துத் திருத்திய அளவுகளோடு இருக்கும் ரெக்கார்டுக்கும் வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

ஆசிரியர்கள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2024 ஜூலையில், அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரிகள் பலவற்றில் ஒரே பேராசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் காட்டப்பட்டிருப்பதாக ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் பட்டியலை வெளியிட்டது; பல்கலைக்கழகம் விசாரணையில் இறங்கியது. எனவே கல்லூரியின் இணையதளத்தில் உங்கள் பிரிவின் ஆசிரியர் பட்டியலை அச்செடுத்துக்கொண்டு போங்கள். துறையின் அறைக் கதவுகளில் உள்ள பெயர்ப் பலகைகளையும், சுவரில் ஒட்டிய வகுப்பு அட்டவணையையும் ஒப்பிடுங்கள். ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். பிள்ளைகளிடம், "இந்த வருஷம் நடுவுல எத்தனை சார், மேடம் மாறினாங்க?" என்று கேட்டால் போதும், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

தமிழ்வழியில் படித்த பிள்ளையாக இருந்தால், துறைத் தலைவரிடம் அனுமதி கேட்டு ஒரு வகுப்பில் பத்து நிமிடம் பின்பெஞ்சில் உட்கார வையுங்கள். ஆசிரியர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தமிழில் விளக்குகிறாரா, பாடத்தைப் படம் போட்டு நடத்துகிறாரா, திரையில் ஓடும் எழுத்தை வாசித்துவிட்டுப் போகிறாரா என்பது அந்தப் பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் நடத்தினால் புரியாதோ என்ற பயத்தை வாய்விட்டுச் சொல்லாமல் மனதுக்குள்ளேயே சுமக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஃப்ளெக்ஸ் போர்டில் இருப்பதும் இல்லாததும்

வாசலில் இருக்கும் பெரிய சம்பள எண் ஒரே ஒரு மாணவருடையது. உங்களுக்கு வேண்டியது நடு எண்: வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.-க்கு விண்ணப்பிக்கும் கல்லூரிகள், எத்தனை பேர் படித்து முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, நடுச் சம்பளம் எவ்வளவு, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள் என்பதைக் கொடுத்தாக வேண்டும். அந்தப் படிவம் கல்லூரியின் இணையதளத்திலேயே இருக்கும். அதை அச்செடுத்துப் பிளேஸ்மென்ட் அலுவலரிடம் நீட்டி, உங்கள் பிரிவுக்கு மட்டும் எத்தனை என்று கேளுங்கள். ஒரே மாணவர் மூன்று நிறுவனங்களில் தேர்வானால் மூன்றாக எண்ணுகிறார்களா என்றும் கேளுங்கள்.

நாக் என்பது கல்லூரி முழுவதற்கும் தரும் தரச்சான்று, என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. போர்டில் என்.பி.ஏ. என்று இருந்தால், பிள்ளை கேட்கிற பிரிவுக்கு உண்டா, எந்த ஆண்டு வரை செல்லும் என்று விசாரியுங்கள். அண்ணா பல்கலைக்கழகம் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தை செமஸ்டர்தோறும் வெளியிடுகிறது. ஆட்டோனமஸ் கல்லூரிகள் தேர்வைத் தாங்களே நடத்துவதால் அவற்றின் எண்ணை இதோடு வைத்து ஒப்பிட வேண்டாம்.

கல்லூரிக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையையும் டீக்கடையையும் விட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் அரியர் எழுத ஃபார்ம் நிரப்ப வருகிறார்கள், மெஸ் சாப்பாடு பிடிக்காமல் எத்தனை பேர் இரவில் பரோட்டா தின்ன வருகிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

விடுதி

மதியச் சாப்பாட்டை மெஸ்ஸிலேயே டோக்கன் வாங்கிச் சாப்பிடுங்கள். ருசியைவிடக் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, தட்டு கழுவும் இடம் எப்படி இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். கழிப்பறையை, குறிப்பாக வகுப்புகள் இருக்கும் கட்டடத்தில் பெண்களுக்கான கழிப்பறையை, அம்மாவோ அக்காவோ உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். தண்ணீர் குடிக்காமலே நாள் முழுதும் அடக்கிக்கொண்டு, சிறுநீர்த் தொற்றோடு வீடு திரும்பிய பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். பெண்கள் விடுதி எத்தனை மணிக்குப் பூட்டப்படுகிறது, நூலகம் எத்தனை மணி வரை, இரண்டும் ஒத்துப்போகிறதா, நள்ளிரவில் காய்ச்சல் என்றால் வார்டன் எந்த மருத்துவமனைக்கு அழைத்துப் போவார் என்றும் கேளுங்கள்.

ராகிங் பற்றிப் பிள்ளையிடமே வெளிப்படையாகப் பேசுங்கள். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு கொல்லப்பட்ட பிறகு, 1997-ல் தமிழ்நாடு இதற்கெனத் தனிச் சட்டமே கொண்டுவந்தது. ராகிங் தடுப்புக் குழுவினரின் பெயரும் எண்ணும் பலகையில் இருக்க வேண்டும். அதிலுள்ள எண்ணுக்கு அங்கேயே நின்று அழைத்துப் பாருங்கள். யாராவது எடுக்கிறார்களா? தேசிய உதவி எண் 1800-180-5522. அதைப் பிள்ளையின் போனில் பதிந்து வையுங்கள்.

பணம்

பார்க்கப் போன நாளில் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். "இன்னைக்கு மாலைக்குள்ள சீட் முடிஞ்சிடும், அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்று சொல்வார்கள். வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று எழுந்துவிடுங்கள். நன்கொடை வாங்குவதை 1992-ம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. அசல் சான்றிதழைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-ல் தெளிவாக அறிவித்திருக்கிறது. பையில் நகல்களை மட்டும் கொண்டு போங்கள். அசல் பீரோவிலேயே இருக்கட்டும்.

கட்டணத்தைக் கேட்கும்போது மொத்தமாகக் கேட்காதீர்கள். கல்விக் கட்டணம், பஸ், விடுதி, மெஸ், தேர்வு, சீருடை, பிளேஸ்மென்ட் பயிற்சி என்று ஒவ்வொன்றும் தனி வரியாக எழுத்தில் வேண்டும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. அது கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்தால் கிடையாது. இது தெரியாமல் அவசரப்பட்டு மேனேஜ்மென்டில் பணம் கட்டிவிட்டு வந்து அழுத பெற்றோர் உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் 2021 முதல் பொறியியலிலும் இடம் உண்டு. அவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அப்படிச் சேர்ந்த பிள்ளைகளிடம் வேறு பெயரில் ஏதாவது வசூலிக்கிறார்களா என்பதை அதே ஒதுக்கீட்டில் ஏற்கெனவே படிக்கிற சீனியரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வரும்.

வீடு திரும்பும் வழியில்

பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் "எப்படி இருந்துச்சு? எனக்கு என்னவோ பிடிக்கல" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். பெரியவர் ஒரு வார்த்தை சொன்னால் பிள்ளையின் கருத்து அதோடு வளைந்துவிடும். ஜன்னலோரம் உட்காரட்டும். வீட்டுக்கு வந்ததும், குளிப்பதற்கு முன்பே, நோட்டில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள்: என்ன பார்த்தாய், யாரிடம் பேசினாய், உன் கேள்விக்கு என்ன பதில், அங்கே ஒரு திங்கட்கிழமை காலை உன்னால் எழுந்து வகுப்புக்குப் போக முடியும் என்று தோன்றுகிறதா? அதை எழுதி முடித்த பிறகு நீங்கள் உங்கள் பக்கத்தை எழுதுங்கள். இரண்டையும் மறுநாள் சேர்த்து வாசியுங்கள். கருத்து வேறுபட்டால் அந்தக் கல்லூரிக்கு மட்டும் இன்னொரு முறை போய்வாருங்கள்; பேருந்துக் கட்டணத்தோடு போகிற செலவு அது.

ஜூலையில் சாய்ஸ் ஃபில்லிங் திறக்கும்போது அந்த நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே பார்த்து, உங்கள் தரவரிசைக்கு முதலில் கிடைக்கிற இடத்தைத் தரும். ஆகவே கிடைக்குமா என்ற கணக்கை விட்டுவிட்டு, பிள்ளைக்குப் பிடித்த வரிசையிலேயே எழுதுங்கள். ஒதுக்கீடு வந்த பிறகு, அந்த இடத்தை ஏற்றுக்கொண்டே அதற்கு மேலே இருப்பதற்குக் காத்திருக்கும் வாய்ப்பும் உண்டு. மேலே உள்ளது கிடைத்துவிட்டால் கையில் இருந்தது போய்விடும், திரும்பக் கேட்க முடியாது. போய்ப் பார்க்காத கல்லூரி எதையாவது பெயருக்காக மேலே வைத்திருக்கிறீர்களா என்று, சப்மிட் அழுத்துவதற்கு முன், பிள்ளையோடு உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாக விரல் வைத்துப் பாருங்கள்.